அப்பா பாரிஸில் இறந்தார், காணி யாழ்ப்பாணத்தில்: எந்தச் சட்டம்?

கேள்வி, 2024 பெப்ரவரி 3

அப்பா போன மார்கழியில் இங்கே பாரிஸில் தவறிவிட்டார். அவர் பெயரில் இங்கே ஒரு அடுக்குமாடி வீடும் யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஐந்து பரப்புக் காணியும் உண்டு. அம்மா இருக்கிறார். பிள்ளைகள் மூன்று பேர், மூவருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமைதான். இங்குள்ள நொத்தேர் (பிரெஞ்சு நொத்தாரிசு) “சொத்து உலகத்தில் எங்கே இருந்தாலும் பிரெஞ்சுச் சட்டம்தான்” என்கிறார். காணிப் பத்திரம் எழுதும் ஊர் நொத்தாரிசிடம் தொலைபேசியில் அதைச் சொன்னேன், சிரித்துவிட்டு “தம்பி, காணி இங்கயெல்லோ கிடக்குது” என்றார். யார் சொல்வது சரி?

பதில், 2024 பெப்ரவரி 3, இரவு

இரண்டு பேரும் சரி. அதுதான் தொல்லையே.

உங்கள் நொத்தேர் சொல்வது ஐரோப்பிய ஒன்றியத்தின் 650/2012 ஒழுங்குவிதி. 2015 ஆகஸ்ட் 17 அன்றோ அதற்குப் பிறகோ இறந்தவர்களுக்கு, இறக்கும்போது வழமையாக எங்கே வாழ்ந்தாரோ அந்த நாட்டுச் சட்டம் மொத்தச் சொத்துக்கும் பொருந்தும், வெளிநாட்டில் இருக்கும் காணி உட்பட. ஆனால் இலங்கை அந்த ஒழுங்குவிதிக்குக் கட்டுப்பட்ட நாடு இல்லையே. அங்கே அசையாச் சொத்து என்றால் அது கிடக்கும் இடத்தின் சட்டம். ஊர்க் காணிக் கந்தோரில் போய் ஐரோப்பிய ஒன்றியம் என்றால் எந்தப் பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்பார்கள்.

என் அப்பா இறந்தது 2017 நவம்பரில். ஏறக்குறைய உங்கள் நிலைமைதான். நான் பட்டதைப் பகுதி பகுதியாக எழுதுகிறேன்.

2024 பெப்ரவரி 4

எங்கள் கதை. அப்பா 1986இல் வந்தவர், பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தார், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே இல்லை. இங்கே புறநகரில் அம்மாவோடு சேர்த்து வாங்கிய ஒரு வீடு. ஊரில் அவருக்குத் தன் அப்புவிடமிருந்து வந்த நான்கு பரப்பு வளவும் வீடும், அதோடு 1979இல் கல்யாணத்துக்குப் பிறகு சம்பளக் காசில் வாங்கிய இரண்டு பரப்புத் தோட்டக் காணி. அண்ணா டொராண்டோவில், நான் இங்கே, தங்கச்சி மட்டும் ஊரில், அந்த வீட்டிலேயே.

அப்பா ஒரு கொப்பித்தாளில் தன் கையால் எழுதி வைத்திருந்தார்: வீட்டு வளவு மகளுக்கு. திகதி இருந்தது, கையெழுத்து இருந்தது. பார்த்து அழுதோம், பிறகு நிம்மதியாக இருந்தோம். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தோம்.

நொத்தேர் அதை மொழிபெயர்ப்பித்து ஏற்றுக்கொண்டார். பிரெஞ்சுச் சட்டத்தில் முழுவதும் சொந்தக் கையெழுத்தில், திகதி போட்டு, கையொப்பமிட்டிருந்தால் அது மரணசாசனம், சாட்சி தேவையில்லை. மூன்று பிள்ளைகள் என்றால் சொத்தில் முக்கால் பங்கு கட்டாயம் பிள்ளைகளுக்கு, மிச்சம் கால் பங்கைத்தான் அப்பா விருப்பப்படி கொடுக்கலாம் (ஒரு பிள்ளை என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் ஒன்று). ஊர் வளவின் பெறுமதி அந்தக் கால் பங்குக்குள் அடங்கியது. ஆகவே இங்கே எல்லாம் சுபம்.

ஊரில் சட்டத்தரணியிடம் அதே தாளைக் கொண்டுபோனோம். ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நல்ல கடிதம்” என்றார்.

2024 பெப்ரவரி 4, இன்னும் கொஞ்சம்

ஏன் வெறும் கடிதம் என்று கேட்டவருக்கு: இலங்கையில் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி மரணசாசனம் ஒன்றில் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தாக வேண்டும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். அப்பாவின் தாளில் சாட்சி என்று இருந்தது ஒரு தேத்தண்ணிக் கறை மட்டும்.

ஆகவே பாரிஸில் வளவு தங்கச்சிக்கு. யாழ்ப்பாணத்தில் அப்பா எதுவும் எழுதி வைக்காமல் செத்தவர்.

2024 பெப்ரவரி 7

தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், பற்றிக் கேட்டவர்களுக்கு, எனக்கு விளங்கின அளவில். ஒல்லாந்தர் காலத்தில், 1707 வாக்கில், யாழ்ப்பாணத் திசாவையாக (நிர்வாக அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் ஊர் வழக்கங்களை எழுதித் தொகுத்தார். 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றார்கள். இன்றைக்கும் இருக்கிறது. சட்டத்தின் வாசகத்தில் நாங்கள் யார் தெரியுமா? ‘யாழ்ப்பாண மாகாணத்தின் மலபார் குடிகள்’ (அக்கால ஐரோப்பியர் தமிழரை அழைத்த பெயர்). பாரிஸில் முப்பது வருடம் உணவகத்தில் கோப்பை கழுவிய என் அப்பா, சட்டத்தின் கண்ணில் ஒரு மலபார் குடி.

சொத்து மூன்று வகை. பெற்றோர், முன்னோர் வழி வந்தது முதுசம். பெண்ணுக்குக் கல்யாணத்தில் கொடுத்தது சீதனம். கல்யாணத்துக்குப் பிறகு புருசனோ பெண்சாதியோ உழைத்துத் தேடியது தேடியதேட்டம். எந்தக் காணி எந்த வகை என்பதிலே எல்லாம் தங்கியிருக்கிறது, அதனால்தான் ஊர்ச் சட்டத்தரணி முதல் கேள்வியாக “எத்தினை பரப்பு” என்று கேட்கவில்லை, “எப்பிடி வந்தது” என்று கேட்டார்.

இப்போது நடைமுறையில் இருப்பது 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்க யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டமும் 1947இல் செய்த திருத்தமும். எங்கள் கணக்கு இப்படி வந்தது: நான்கு பரப்பு முதுசம், அது பிள்ளைகள் மூன்று பேருக்கும் சமமாக. அம்மாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. இரண்டு பரப்புத் தேடியதேட்டத்தில் பாதி அம்மாவுக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது: “நாப்பத்திமூண்டு வருசம் சமைச்சுப் போட்ட எனக்கு அந்த வளவிலை ஒண்டும் இல்லையோ?”

2024 பெப்ரவரி 8

ஆனால் பிரெஞ்சுச் சட்டத்தில் அதே அம்மாவுக்கு ஒரு தெரிவு உண்டு. பிள்ளைகள் எல்லோரும் அந்தத் தம்பதிக்கே பிறந்தவர்கள் என்றால், இறந்தவரின் சொத்தில் கால் பங்கு முழு உரிமையாக எடுக்கலாம், அல்லது முழுவதிலும் சீவிய உருத்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) எடுக்கலாம். அம்மா சீவிய உருத்தை எடுத்தார். அதாவது நொத்தேரின் தாளில் அம்மாவுக்கு யாழ்ப்பாண முதுசக் காணியில் சீவிய உருத்து இருக்கிறது, ஊரில் அவருக்கு அதில் முருங்கைக்காய் பிடுங்கும் உரிமைகூட இல்லை. இரண்டும் முத்திரை குத்திய தாள்கள்.

2024 பெப்ரவரி 11

திருத்தம். 7ஆம் திகதி ‘அம்மாவுக்கு முதுசத்தில் ஒன்றும் இல்லை’ என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அவ்வளவு நிச்சயமாகச் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் சட்டத்தரணியிடம் இன்று ஒருக்காத் திரும்பக் கேட்டேன்.

தேசவழமை ‘குடி’யாக இருப்பவருக்குத்தான். முப்பது வருடம் பாரிஸில் வாழ்ந்து, குடியுரிமையும் மாற்றி, இங்கேயே எரிக்கப்பட்டவர் இன்னும் யாழ்ப்பாணத்துக் குடியா? கொழும்புக்குப் போய் நிரந்தரமாகத் தங்கியவர்களைப் பற்றியே நூறு வருடத்துக்கு மேலாக நீதிமன்றங்களில் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. நிரந்தர இருப்பிடம் எது, திரும்பும் எண்ணம் இருந்ததா என்று ஒவ்வொருவரின் சீவியத்தையும் தோண்டிப் பார்க்க வேண்டும். குடி இல்லை என்று தீர்ந்தால் 1876ஆம் ஆண்டின் பொதுச் சட்டம். அதில் முதுசம், தேடியதேட்டம் என்ற பிரிவே கிடையாது, துணைவருக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி.

ஆகவே ஒரே காணி, ஒரே அம்மா: தேசவழமையில் பூச்சியம், பொதுச் சட்டத்தில் பாதி, பிரெஞ்சுச் சட்டத்தில் சீவிய உருத்து.

நாங்கள் வழக்காடவில்லை. சட்டத்தரணி ஐயா சொன்ன வழி: “எதுக்கும் அம்மாவையும் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ. பிறகு எவனும் வந்து கேக்க ஏலாது.” நான் கொடுத்த காசுக்கு வாங்கிய மிகப் பெரிய சட்ட ஆலோசனை அந்த இரண்டு வசனம்தான்.

2024 பெப்ரவரி 11

மேலே ஒருவர் “அப்பா இலங்கைச் சட்டம்தான் வேண்டும் என்று எழுதியிருக்கலாமே” என்கிறார். எழுதலாம், தன் குடியுரிமை நாட்டின் சட்டத்தைத் தேர்ந்தெடுக்க அந்த ஒழுங்குவிதி இடம் கொடுக்கிறது. இலங்கைக் குடியுரிமையை விட்டுவிட்ட என் அப்பாவால் முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவரோ பிரெஞ்சுக் குடியுரிமை எடுக்காதவரோ செய்யலாம்.

ஆனால் பிள்ளை ஒருவரை வெட்டிவிட இந்த வழியில் போக நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இலங்கைச் சட்டத்தில் பிள்ளைக்குக் கட்டாயப் பங்கு கிடையாது, யாருக்கும் எழுதலாம் என்பது உண்மைதான். அதற்காகவே பிரான்ஸ் 2021 ஆகஸ்டில் ஒரு சட்டம் கொண்டுவந்து அந்த வருடம் நவம்பர் 1இலிருந்து நடைமுறைப்படுத்தியது. வெளிநாட்டுச் சட்டத்தால் வெட்டுப்பட்ட பிள்ளை, தன் கட்டாயப் பங்குக்கு ஈடாகப் பிரான்சில் இருக்கும் சொத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், இறந்தவரோ பிள்ளைகளில் ஒருவராவதோ ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழ்பவராக அல்லது அதன் குடிமகனாக இருந்தால். கோபத்தில் எழுதும் மரணசாசனம் இங்கே பெரிதாகப் பலிக்காது.

2024 பெப்ரவரி 15

லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் கேட்டவர்களுக்கு: நான் எழுதும் ஐரோப்பியப் பகுதி உங்களுக்குப் பொருந்தாது. இங்கிலாந்து ஒன்றியத்தில் இருந்தபோதே இதில் சேரவில்லை. டென்மார்க், அயர்லாந்தும் இல்லை. சுவிஸ், நோர்வே ஒன்றியத்திலேயே இல்லை. ஊர்ப் பக்கத்துக் கதை மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

2024 பெப்ரவரி 16

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர் காணிக்கு உரித்தாக முடியாது என்று மேலே ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதைத் தடுத்தது உண்மை, 2013 ஜனவரி 1க்கு முன்தேதியிட்டே தடுத்தது. ஆனால் நெருங்கிய உரித்தாளிக்கு முதுசமாகவோ நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ வருவதற்கு அதிலேயே விலக்கு உண்டு, இரட்டைக் குடியுரிமைக்காரருக்கும் விலக்கு. ஆகவே கேள்வி கேட்ட தம்பி மூன்று பேரும் அப்பாவின் காணிக்கு உரித்தாளிகள்தான். பக்கத்துக் காணியைக் காசு கொடுத்து வாங்கப் போனால்தான் அந்தச் சட்டம் குறுக்கே நிற்கும்.

2024 பெப்ரவரி 20

அற்றோணித் தத்துவம், அதாவது எங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம். இதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

அப்பா 2009இல் ஊரிலிருந்த சித்தப்பாவுக்கு ஒரு அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தார், காணியைப் பார்த்துக்கொள்ள, வாடகைக்கு விட, தேவைப்பட்டால் ஈடு வைக்க. அப்பா இறந்து ஆறு மாதம் கழித்து, சித்தப்பா அதே தாளைக் கொண்டுபோய் தோட்டக் காணியை ஈடு வைக்கப் பார்த்திருக்கிறார். கேட்டால் “அண்ணை தந்த அதிகாரம்தானே” என்கிறார். கொடுத்தவர் இறந்த கணமே அந்த அதிகாரமும் செத்துவிடும். தாளுக்கு மட்டும் அது தெரியாது, முத்திரையோடு பளபளவென்று இருக்கும். ஈடு எழுத வந்த நொத்தாரிசுக்கு அப்பா இறந்தது மரண அறிவித்தல் பார்த்துத் தெரிந்திருந்ததால் தப்பினோம். பழைய உதயதாரகைப் பத்திரிகைக் காலத்திலிருந்து யாழ்ப்பாணத்தான் மரண அறிவித்தல் வாசிப்பதில் ஒரு பலன் உண்டு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சித்தப்பாவோடு இப்போது கதை பேச்சு உண்டு. அவருக்கும் தன் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது, வேலி அடைத்த காசு அவருடையது. அதை நாங்கள் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம், ஆனால் முதலில் கேட்டிருக்கலாம், நாங்களும் முதலிலேயே கொடுத்திருக்கலாம்.

2024 பெப்ரவரி 27

கேள்வி கேட்ட தம்பிக்கு, அவசரம்: இங்கே மரணம் நடந்தால் வரித் திணைக்களத்துக்கு ஆறு மாதத்துக்குள் பிரகடனம் கொடுக்க வேண்டும். உங்களுக்கு வைகாசி, ஆனியோடு முடிகிறது. அப்பா பிரான்சில் வரி வதிவிடம் உள்ளவர் என்றால் யாழ்ப்பாணக் காணியையும் அதில் எழுத வேண்டும். “அங்கே இருக்கிறது இவர்களுக்கு எப்படித் தெரியும்” என்று பாரிஸ் லா சப்பலில் தேத்தண்ணிக் கடையில் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், பிறகு காணியை விற்றுக் காசை இங்கே கொண்டுவரும்போது எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கும்.

பெற்றோர் ஒருவரிடமிருந்து ஒரு பிள்ளைக்கு 100,000 யூரோ வரை வரி இல்லை, துணைவருக்கு வரியே இல்லை. எங்களுக்குக் கட்டும் தொகை பூச்சியம்தான் வந்தது. ஆனாலும் எழுதினோம். பெறுமதி இறந்த திகதியில் என்னவோ அது. ஊர் மதிப்பீட்டாளரிடம் ரூபாயில் வாங்கி அன்றைய மாற்று வீதத்தில் போட்டோம். 2022 மார்ச்சில் ரூபாய் விழுந்தபோது, அதற்குச் சற்று முன் தன் அப்பாவை இழந்த ஒரு நண்பர், “அப்பா ரெண்டு மாசம் பிந்திச் செத்திருந்தா வரி குறைஞ்சிருக்கும்” என்றார். அவரோடு சேர்ந்து அவருடைய அப்பாவின் பெட்டியைத் தூக்கியவன் நான், சிரிக்கத்தான் செய்தேன்.

2024 மார்ச் 9

பத்து வருட ஆட்சி பற்றிய கேள்வி. பிறத்தியார் ஒருவர் உங்கள் காணியை எதிராகப் பத்து வருடம் இடைவிடாமல் ஆண்டால் அவருக்கே உரித்து என்று 1871ஆம் ஆண்டின் சட்டம். ஆனால் உங்கள் மாமா ஒரு பங்காளி என்று எழுதியிருக்கிறீர்கள். பங்காளி ஆண்டால் அது எல்லாப் பங்காளிக்குமாக ஆண்டதாகத்தான் பொதுவாக எடுப்பார்கள், பத்து வருடம் குடியிருந்தார் என்பது மட்டும் போதாது. போரால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கென்று 2016இல் ஒரு தனிச் சட்டமும் வந்தது, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை வைத்து. அது உங்களுக்கு இப்போதும் உதவுமா என்பதை ஊர்ச் சட்டத்தரணியிடமே கேளுங்கள்.

முதலில் காணிக் கந்தோரில் பதிவுப் பிரதி எடுங்கள். மாமாவோடு சண்டை பிடிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

2024 மார்ச் 10

இதையும் கேட்டார்கள்: பங்குக் காணியில் உங்கள் பங்கை வெளியாளுக்கு விற்பதானால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும், வாங்கும் முன்னுரிமை அவர்களுக்கு. 1947இன் 59ஆம் இலக்கச் சட்டம். பங்காளிகளில் ஒருவர் நியூசிலாந்தில், ஒருவரின் விலாசமே தெரியாது என்றால் ஆண்டவன்தான்.

2024 ஏப்ரல் 2

எங்கள் வளவு முடிந்த விதம். மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு (இறந்தவரின் சொத்தை உரித்தாளிகளிடம் ஒப்படைக்கும் வழக்கு), பதினான்கு மாதம். பிறகு அண்ணாவும் நானும் அம்மாவும் எங்களுக்கு என்ன பங்கு உண்டோ அதைத் தங்கச்சிக்கு நன்கொடை உறுதி (காணிப் பத்திரம்) முடித்தோம். அண்ணா டொராண்டோத் துணைத்தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் கையெழுத்து வைத்தார், அம்மாவும் நானும் பாரிஸ் தூதரகத்தில். இந்தமுறை அதிகாரம் சித்தப்பாவின் பெயரில் இல்லை, சட்டத்தரணியின் பெயரில்.

உறுதியில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார்கள்: வீடும், வான்பயிர் செய்பயிர்களும், கிழக்கெல்லைக் கிணற்றில் பங்கும், வழி வாய்க்கால் உரித்தும். அப்பா கொப்பித்தாளில் எழுதியது ஒரே வரி. இது நான்கு பக்கம். சொன்னது ஒன்றுதான்.

2024 ஏப்ரல் 3

நேற்று முடிந்தது என்று எழுதிவிட்டுப் படுத்தேன், காலையில் தங்கச்சியின் அழைப்பு. பொய் சொல்லிவிட்டேன் போல, முடியவில்லை.

மகளின் படிப்புக்கு நாங்கள் கொடுத்த வளவில் ஒரு பரப்பை விற்கப் பார்க்கிறாள். சட்டத்தரணி கேட்கிறார்: “அத்தானின்ரை கையெழுத்து?” தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தைக்கூட, கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ நன்கொடை கொடுக்கவோ முடியாது. மரணசாசனம் எழுதலாம், அதற்குச் சம்மதம் தேவையில்லை. அதாவது செத்தபிறகு அவள் சுதந்திரமானவள். அத்தான் எட்டு வருடத்துக்கு முன் வெளிக்கிட்டுப் போனவர், கடைசியாக அழைத்தது இத்தாலியிலிருந்து. ஆண் தன் காணியை விற்க மனைவியின் சம்மதம் கேட்க வேண்டியதில்லை, அதை நான் சொல்லத் தேவையில்லை.

1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது: கணவன் கைவிட்டுப் போயிருந்தால் நீதிமன்றம் அவன் சம்மதத்துக்குப் பதிலாகத் தன் சம்மதத்தைக் கொடுக்கலாம். திரும்பவும் வழக்கு, திரும்பவும் மாதங்கள். எங்கள் காணியை நாங்கள் அவளுக்குக் கொடுத்துவிட்டோம் என்று பெருமையாக எழுதியிருக்கிறேன், இப்போது வாசிக்க வெட்கமாக இருக்கிறது. அப்பாவும் நாங்களும் கொடுத்தது ஒரு பூட்டிய பெட்டி, திறப்பு இத்தாலியில்.

2024 ஏப்ரல் 3, பிறகு

“தேசவழமையைப் பழிக்காதீர்கள், அது எங்கள் அடையாளம்” என்று எழுதியவருக்கு: பழிக்கவில்லை ஐயா. பெண்ணுக்குத் தனிச் சொத்து உண்டு என்று எழுத்தில் வைத்த சட்டம் அது, அந்தக் காலத்துக்கு அது சின்ன விசயமில்லை. ஆனால் உங்கள் வீட்டில் கையெழுத்துக்கு அலைவது நீங்களா, உங்கள் தங்கச்சியா?

2024 மே 19

தம்பி எழுதியிருக்கிறார்: பிரகடனம் கொடுத்தாயிற்றாம், காணியும் சேர்த்து. நல்லது. அம்மாவும் ஒரு அண்ணாவும் ஊர்ப் பத்திரங்களுக்குச் சம்மதம், மற்ற அண்ணா மறுமொழி போடவில்லையாம். அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லவில்லை. மறுமொழி போடாதவர் வீட்டுக்கு நேரே போங்கள், ஒரு கிலோ மாம்பழத்தோடு. மின்னஞ்சல் வேண்டாம்.

2024 ஜூன் 8

என் மனைவி இந்தப் பக்கம் முழுவதையும் வாசித்துவிட்டுக் கேட்டாள்: “நீங்கள் எழுதி வைச்சிருக்கிறீங்களோ?” இல்லை. அம்மாவின் சீதனக் காணியில் ஒரு நாள் எனக்கும் பங்கு வரும், இங்கே வீட்டில் பாதி என்னுடையது, எழுதியது ஒன்றும் இல்லை.

நொத்தேரைக் கேட்டேன், ஊர்ச் சட்டத்தரணியைக் கேட்டேன். இரண்டு பேரும் சொன்னது, நாட்டுக்கு ஒன்றாக இரண்டு மரணசாசனம். எச்சரிக்கை ஒன்று: அச்சடித்த மாதிரிகளில் முதல் வரியே ‘இதற்கு முன் எழுதிய அனைத்தையும் இரத்துச் செய்கிறேன்’ என்று இருக்கும். இரண்டாவதை எழுதும்போது அந்த வரியை அப்படியே விட்டால் முதலாவது போய்விடும். ஒருவருக்கு அப்படி நடந்ததாம், திருத்த ஆள் உயிரோடு இல்லை.

பிரான்சுக்குரியதைக் கையால் எழுதி நொத்தேரிடம் கொடுத்தாயிற்று. ஊருக்குரியதற்கு இங்கே இலங்கை நொத்தாரிசு கிடையாது, ஆகவே ஐந்து சாட்சிகள், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில், பங்கு கிடைக்கிறவர் யாரும் அதில் வேண்டாம் என்றார்கள். நாலு பேர் சரி. ஐந்தாவதாகச் சொன்னவருக்கு வேலை மாறிவிட்டது. வருகிற சனி பின்னேரம் மூன்று மணிக்கு லா சப்பல் பக்கம் வரக்கூடியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வடையும் தேத்தண்ணியும் என் செலவு, கறை படாமல் பார்த்துக்கொள்வோம்.